பேட்டரி வாங்குவதற்கு முன் பில்டரைத் திறந்து பாருங்கள்

குளச்சலில் 35 வருஷமாகப் போட்டு எஞ்சின் வேலை பார்த்துவரும் மெக்கானிக், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: அண்ணே, மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஆகஸ்ட் முதல் வாரம் தொழிலுக்கு இறங்க நினைத்தோம். மெயின் எஞ்சின் உடனே ஸ்டார்ட் ஆகிவிட்டது. லைட்டுக்கும் பேட்டரி சார்ஜுக்கும் வைத்திருக்கும் இரண்டு சிலிண்டர் டீசல் ஜெனரேட்டர் மட்டும் பிடிக்கவில்லை. அதற்குத் தனி டேங்க். காலையில் செல்ஃப் நன்றாகச் சுற்றியது. விடாமல் அடித்துப் பார்த்தோம். மத்தியானத்துக்குள் ‘டக் டக்’ என்ற சத்தம் மட்டும்தான் வந்தது. பேட்டரி போய்விட்டது, புதிது வாங்கு என்கிறார்கள். வாங்கலாமா? (வாசகர், தேங்காய்ப்பட்டணம்)

பதில்: வேண்டாம் தம்பி, இப்போதைக்கு வாங்காதீர்கள். காலையில் செல்ஃப் நன்றாகச் சுற்றியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் காலையில் பேட்டரியில் குறை இல்லை. விடாமல் அடித்து அடித்துத்தான் அது இறங்கியிருக்கிறது. புது பேட்டரி போட்டாலும் மறுநாள் மத்தியானம் இதே ‘டக் டக்’தான் கேட்கும்.

இருக்கிற பேட்டரியை ஒரு ராத்திரி சார்ஜ் போடுங்கள். சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் கழித்து மீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் அளவில் நிற்க வேண்டும். 12.2 என்றால் பாதிதான் ஏறியிருக்கிறது. டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் கிளாம்பைக் கழற்றி, ஆப்ப சோடா கரைத்த வெந்நீரில் கழுவி, பளபளவென்று தேய்த்து மாட்டி, மேலே வாசலின் தடவுங்கள். எஞ்சின் பாடியில் எர்த் கேபிள் பிடிக்கும் போல்டையும் மறக்காமல் கழற்றித் தேய்க்க வேண்டும். கடல் காற்றில் முதலில் துருப்பிடிப்பது அதுதான், யாரும் பார்க்காத இடமும் அதுதான். மெயின் எஞ்சின் பேட்டரியிலிருந்து கேபிள் இழுத்து மட்டும் அடிக்காதீர்கள். கரையில் பரவாயில்லை என்று தோன்றும், அதே பழக்கம் கடலிலும் வரும். அங்கே அந்தப் பேட்டரியும் இறங்கினால் போட்டு ஒழுக்கில் போகவேண்டியதுதான்.

மறுபடி பட்டனைத் தொடும் முன் கடல் தண்ணி வால்வை மூடுங்கள். இதை மட்டும் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். குளிர்விக்கிற தண்ணி சைலன்சர் வழியாக வெளியே போகிற மாடல்களில், செல்ஃப் சுற்றும்போதே பம்பும் சுற்றித் தண்ணியை இழுக்கும். எஞ்சின் ஓடினால்தான் புகையின் அழுத்தம் அந்தத் தண்ணியை வெளியே தள்ளும். ஓடாமல் அடித்துக்கொண்டே இருந்தால் சைலன்சர் நிரம்பி, தண்ணி திரும்பி சிலிண்டருக்குள் ஏறிவிடும். தொழில் பழகிய காலத்தில் முட்டத்தில் ஒரு போட்டில் நான் இதைச் செய்தேன். திடீரென்று செல்ஃப் இடித்து நின்றது. பேட்டரி என்று நினைத்து இன்னும் இரண்டு அடி அடித்தேன். கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. அந்த வீட்டுக்காரர்கள் வட்டிக்கு வாங்கி எஞ்சினைப் பிரித்தார்கள். அந்த அம்மாவின் முகம் இன்றும் எனக்கு மறக்கவில்லை. அதனால்தான் யார் கேட்டாலும் முதலில் வால்வைச் சொல்கிறேன். உங்கள் எஞ்சினும் அந்த மாடலாக இருந்து செல்ஃப் இடிப்பதுபோல் தெரிந்தால், அடிப்பதை அதோடு நிறுத்துங்கள். டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தால் அன்றைக்கே மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். ஒரு ராத்திரி விட்டாலும் உள்ளே துரு ஏறிவிடும்.

அந்தக் கோளாறு இல்லையென்றால் ஒருவரைப் பட்டனில் நிறுத்திவிட்டு, நீங்கள் சைலன்சர் வாயைப் பாருங்கள். பத்து வினாடிக்கு மேல் ஒரே அடியாக அடிக்க வேண்டாம், நடுவில் ஒரு நிமிஷமாவது செல்ஃப் ஆறட்டும். புகையே வரவில்லையா? டீசல் போய்ச் சேரவில்லை. வெள்ளைப் புகை வருகிறதா? டீசல் போகிறது, எரியவில்லை. ஹீட்டர் பிளக்கையும் கம்ப்ரஷனையும் பார்க்க வேண்டும். உங்களுக்குப் புகை வராது என்பதுதான் என் கணிப்பு.

காரணம், மழைக்காலம். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் டேங்க் பாதி காலியாகக் கிடந்திருக்கும். காலியான பாதியில் ஈரக்காற்று. ராத்திரி டேங்க் குளிர்ந்ததும் உள்சுவர் வியர்த்து, தண்ணி டீசலுக்கு அடியில் போய்த் தங்கும். அந்தத் தண்ணியில் வளர்கிற கிருமி கறுப்புக் கூழாகி பில்டரை அடைக்கும். டீசலிலிருந்து தண்ணியைப் பிரிக்கும் வாட்டர் செப்பரேட்டரின் அடித்திருகைத் திறந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். தண்ணி கீழே தனியாக நின்றால் சுத்தமான டீசல் வரும்வரை வடித்துவிட்டு, பில்டரையும் மாற்றுங்கள். அதற்கு முன் டீசல் வால்வு திறந்திருக்கிறதா, ஸ்டாப் லீவர் இழுத்தபடியே நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தடைக்காலத்துக்குக் கட்டும்போது மூடியது அப்படியே இருக்கும்.

அப்புறம் ஏர் எடுக்க வேண்டும், அதாவது டீசல் லைனில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். பில்டர் மேலுள்ள சின்னத் திருகைத் தளர்த்தி, டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தள்ளும் பீட் பம்பின் கைப்பிடியை அடியுங்கள். நுரை நின்று டீசல் மட்டும் வந்ததும் இறுக்குங்கள். அடுத்து இன்ஜெக்ஷன் பம்பின் திருகு, அதே மாதிரி. கைப்பிடி அசைந்தும் டீசல் வராவிட்டால் பம்பு கெட்டது என்று முடிவு கட்டாதீர்கள். உள்ளே கேம் அதைத் தூக்கிப் பிடித்திருக்கலாம், எஞ்சினைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி அடியுங்கள். கடைசியாக நாசில் பைப்பின் நட்டைத் தளர்த்தி செல்ஃப் அடிக்கும்போது கையையும் முகத்தையும் தள்ளி வையுங்கள். அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

பிடித்த உடனே தண்ணி வால்வைத் திறந்து, புகையோடு தண்ணி விழுகிறதா என்று பாருங்கள். விழவில்லை என்றால் நிறுத்திவிட்டு தண்ணி பம்புக்குள் சுற்றும் இம்பெல்லரைப் பாருங்கள், சும்மா கிடந்தால் ரப்பர் இறக்கை வளைந்தபடியே இறுகியிருக்கும். பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும்வரை ஓடி, விட்டதும் நின்றால் ஆயில் அளவையும் ஆயில் பிரஷர் சுவிட்சின் வயரையும் பார்க்க வேண்டும்.

கேள்வி: என் மகன் போகும் தங்கல் போட்டில் (பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும் போட்டு) பெட்ரோலில் ஓடும் சின்ன ஜெனரேட்டர் வாங்கி வைத்திருக்கிறார்கள். மழை பெய்தால் கேபினுக்குள் வைத்து ஓட்டுகிறார்களாம். அது சரியா? (வாசகி, தூத்தூர்)

பதில்: கூடவே கூடாது அக்கா. அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள். ஜன்னலைத் திறந்து வைத்தாலும் போதாது. தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு என்று வரும்போது கடல் சொக்கு என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள், அங்கேதான் ஆபத்து. அப்படி வந்தால் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு எல்லோரும் வெளிக்காற்றுக்கு வர வேண்டும். ஓட்டுவதானால் திறந்த மேல்தட்டில், புகை கேபின் பக்கம் போகாத திசையில் மட்டும். மழை என்றால் ஓட்டவே வேண்டாம், பேட்டரி லைட் போதும். பெட்ரோல் கேனையும் கீழ் அறையில் வைக்கக் கூடாது; அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கி ஒரு பொறிக்குக் காத்திருக்கும். மகன் போன் சிக்னல் தாண்டிப் போவதற்குள் இதை அப்படியே வாசித்துச் சொல்லுங்கள்.