முதுமை மரபணுக்களும் உங்கள் மகளின் வேலையும்

அன்புள்ள அம்மா,

உயிரியல் படிக்கும் பெண் ஆய்வகத்தில் நிற்காமல் எந்நேரமும் கணினி முன்னால் இருக்கிறாளே, இதற்கெல்லாம் வேலை கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். ஒரு மாலை அவள் பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் இருப்பதைக் காட்டச் சொல்லுங்கள். உயிரியல் தரவுகளைக் கணினியில் ஆராயும் உயிரித்தகவலியல் என்ற துறை அது.

ஜென்ஏஜ் என்ற இணையத் தரவுத்தளத்தில் மனித முதுமையோடு தொடர்புடைய 300-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏன் அங்கே இடம்பெற்றது, ஆதாரம் எந்த ஆய்வுக்கட்டுரை என்பதை யாரோ ஒருவர் பொறுமையாகப் படித்துப் பதிந்திருக்கிறார். அப்படிப் படித்துச் சரிபார்த்துப் பதிவதே ஒரு தொழில். புற்றுநோய் மரபணுத் தரவுகளுக்கு சிபயோபோர்ட்டல் என்ற இணையத்தளம் இருக்கிறது. அமெரிக்காவில் 2006-இல் தொடங்கிய பெருந்திட்டம் ஒன்று 33 வகைப் புற்றுநோய்களில் திரட்டிய தரவுகளை அங்கே கட்டணமின்றிப் பார்க்கலாம். நோயாளியை அடையாளம் காட்டக்கூடிய மூலத் தரவுக்கு மட்டும் தனி அனுமதி வேண்டும். அந்தக் கட்டுப்பாடு அவசியமானது.

டிபி53 என்ற மரபணுவை இரண்டிலும் தேடச் சொல்லுங்கள். பழுதான செல் பெருகாமல் தடுக்கும் காவலாளி அது. மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் அதுவே பழுதாகியிருக்கிறது. முதுமைப் பட்டியலிலும் அதற்கு இடமுண்டு. ஏன் இரண்டிலும் வருகிறது என்ற கேள்வி அவளைத் தூங்கவிடவில்லை என்றால், அவள் சரியான துறையில்தான் இருக்கிறாள்.

நான் அழுத்திச் சொல்வது புள்ளியியலைத்தான். பைத்தான், ஆர் ஆகிய கணினி மொழிகளைச் சில மாதங்களில் பழகிவிடலாம். எண்ணைச் சந்தேகிக்கும் பழக்கம் எளிதில் வராது. எக்செல் மென்பொருள் மார்ச்1 என்ற மரபணுப் பெயரைத் தேதியாக மாற்றி, எத்தனையோ ஆய்வுக்கட்டுரைகளின் அட்டவணைகளில் பிழை புகுந்துவிட்டது. கடைசியில் 2020-இல் இப்படிப்பட்ட மரபணுப் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று. அந்தப் பிழையைக் கண்ணில் பட்டதும் பிடிப்பவரைத்தான் ஆய்வுக்குழுக்கள் தேடுகின்றன.

ஒன்றை மறைக்க மாட்டேன். ஆய்வாளர் பணிக்குப் பெரும்பாலும் முதுகலையும், பல இடங்களில் முனைவர் பட்டமும் கேட்பார்கள். ஆண்டுகள் பிடிக்கும். அதற்குப் பயந்து, வேலை உறுதி என்று விளம்பரம் செய்யும் குறுகியகாலச் சான்றிதழுக்குப் பெருந்தொகை கட்டிவிடாதீர்கள். பயிற்சிக்கு வேண்டிய தரவு திறந்தே கிடக்கிறது.

அடுத்த சந்திப்புக்கு மகளையும் அழைத்து வாருங்கள். டிபி53 பற்றித் தானே தரவிறக்கி வரைந்த ஒரு வரைபடமும், அது என்ன சொல்கிறது என்று தன் சொற்களில் எழுதிய ஒரு பக்கமும் அவள் கையில் இருக்கட்டும். எந்த முதுகலைப் படிப்பு என்பதை அதை வைத்தே பேசுவோம்.