லுவார் பக்கம் ஒரு கிழமை: எந்த ஊரில் வீடு எடுப்பது?

கேள்வி: பிரான்சில், பாரிஸுக்குப் பக்கத்தில் சார்செல்லில் இருக்கிறோம். நானும் கணவரும், 7, 10 வயதில் இரண்டு பிள்ளைகளும். ஓகஸ்ட்டில் ஒரு கிழமை லுவார் பள்ளத்தாக்கில் தங்கிக் கோட்டைகளைப் பார்க்க ஆசை. மொத்தமாக 1,800 யூரோ வைத்திருக்கிறோம். லொஷ் பக்கம் ஒரு கிராமத்தில் தனி வீடு 480 யூரோ. அம்புவாஸ் ஊருக்குள் ஒரு வீடு 760. கார் இல்லை, கணவர் போன வருடம்தான் லைசென்ஸ் எடுத்தார். வாடகைக் காருக்கு 410 கேட்கிறார்கள். கிராம வீட்டையே எடுக்கலாமா?

பதில்: வேண்டாம், அம்புவாஸ் வீட்டை எடுங்கள். 280 யூரோ மிச்சம் என்று தோன்றும், ஆனால் கார் இல்லாமல் அந்தக் கிராமத்தில் ஒரு நாளும் ஓடாது. 480 உடன் காருக்கு 410 சேருங்கள். பெற்றோலுக்கும் நெடுஞ்சாலைக் கட்டணத்துக்கும் 140, கடைசி நாள் துப்புரவுக்கு 60 என்று வைத்தால் 1,090 ஆகிறது. அம்புவாஸ் என்றால் 760, ரயிலுக்கு 200, மொத்தம் 960.

காரில் இன்னொரு சிக்கலும் உண்டு. லைசென்ஸ் எடுத்துக் கொஞ்சக் காலமே ஆனவர்களிடம் பல நிறுவனங்கள் கூடுதல் கட்டணம் வாங்குகின்றன. அந்த 410 இல் அது சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். அதோடு பிணையாக ஒரு பெரிய தொகையை அட்டையில் முடக்கி வைப்பார்கள். விடுமுறை நடுவில் கணக்கில் காசு இருந்தும் எடுக்க முடியாமல் நிற்பது பிள்ளைகளோடு போகிறவர்களுக்குப் பெரிய தலையிடி.

அம்புவாஸில் அரச கோட்டையும், லியொனார்தோ டாவின்சி தன் கடைசி வருடங்களைக் கழித்து 1519 இல் இறந்த க்ளோ லூசே மாளிகையும் நடக்கிற தூரத்தில். ஆக, இரண்டு நாட்களுக்குப் போக்குவரத்துச் செலவே இல்லை. ஆற்றங்கரையில் ஞாயிறு காலை சந்தை கூடும். காய்கறி வாங்கி வீட்டில் சமைத்தால் சாப்பாட்டுச் செலவு பாதிக்கு மேல் குறையும், நாலு பேருக்கு இதுதான் பெரிய மிச்சம். புளுவா ஊர் ரயிலில் ஏறக்குறைய 20 நிமிடம், அங்கிருந்து கோடையில் ஷம்போர் கோட்டைக்குப் பஸ் ஓடும். ஷம்போரில் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு நுழைவு இலவசம். ஷெனோன்சோ கோட்டைக்கு மட்டும் தூர் நகரப் பக்கம் போய் ரயில் மாற வேண்டும், அதற்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். தூரிலேயே தங்கினால் ரயில் வசதி இன்னும் அதிகம்தான். ஆனால் அது நகரம், நீங்கள் தேடுகிற நாட்டுப்புறம் அங்கே கிடைக்காது.

சரி, முற்பணம் கட்டும் முன் ஒரு விஷயம். ஒப்பந்தத்தில் முற்பணத்தை 'ஆர்' (arrhes) என்று எழுதியிருந்தால் நீங்கள் விலகும்போது கட்டிய காசு மட்டும் போகும், வீட்டுக்காரர் விலகினால் இரட்டிப்பாகத் திருப்ப வேண்டும். 'அகோன்ட்' (acompte) என்றால் இரு தரப்பும் கட்டுப்பட்டவர்கள், நீங்கள் போகாவிட்டாலும் முழு வாடகையையும் கேட்கலாம். ஓகஸ்ட் வாடகைக்கு 'ஆர்' என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு கட்டுங்கள்.

அப்புறம், உங்கள் இருவரில் யாருடைய வேலையிடத்திலாவது ஷெக் வக்கான்ஸ் (விடுமுறைச் செலவுக்கான காசோலை) கொடுக்கிறார்களா என்று இப்போதே விசாரியுங்கள். எஸ்என்சிஎஃப் (பிரான்ஸ் அரச ரயில் நிறுவனம்) ரயிலுக்கும் பல விடுமுறை வீடுகளுக்கும் அதைக் கொடுக்கலாம். தந்த வருடம் முடிந்தும் இரண்டு வருடம் செல்லும் என்பதால், மிஞ்சினால் அடுத்த விடுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம்.