பிரிட்டனில் கலைக்கும் விளையாட்டுக்கும் அரசுப் பணம் யார் கையால் போகிறது?

எந்த நாடகத்துக்குப் பணம் தருவது என்பதை அமைச்சரா முடிவு செய்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. மொத்தத் தொகையையும் பொதுவான நோக்கத்தையும் கலாசார, ஊடக, விளையாட்டுத் துறை வகுக்கும். இங்கிலாந்தில் அதைப் பங்கிடுவது, அமைச்சரிடமிருந்து விலகி நின்று தானே முடிவெடுக்கும் கலைக் கவுன்சில் என்ற அமைப்பு. ஆட்சியில் இருப்பவர்களைக் கிண்டலடிக்கும் நாடகமும் அரசுப் பணத்தில் மேடையேற வேண்டும் என்றால் இந்த இடைவெளி கட்டாயம் வேண்டும். 1946-இல் தொடங்கிய ஏற்பாடு இது.

விளையாட்டிலும் இப்படித்தான், ஆனால் அங்கே அளவுகோல் கறாரானது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்குக் கிடைத்தது ஒரே ஒரு தங்கம். அப்புறம் தேசிய லாட்டரிப் பணம் வீரர்களின் பயிற்சிக்குப் பாய்ந்தது. 2012 லண்டனில் 29 தங்கம். சரி, இதற்கு விலை என்ன? பதக்க வாய்ப்பு இருந்தால்தான் நிதி. 2016 ரியோவில் பேட்மிண்டன் இரட்டையரில் பிரிட்டன் வீரர்கள் வெண்கலம் வென்றார்கள்; அதே ஆண்டு டிசம்பரில் பேட்மிண்டனுக்கான ஒலிம்பிக் நிதி முழுவதையும், விளையாட்டுக்கு அரசுப் பணத்தையும் லாட்டரிப் பணத்தையும் பங்கிடும் அமைப்பான யுகே ஸ்போர்ட் நிறுத்தியது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. பிள்ளைகள் ஆர்வமாக ஆடும் ஒரு விளையாட்டைப் பதக்கக் கணக்கை மட்டும் வைத்து எடை போடக் கூடாது.

அருங்காட்சியகங்கள் வேறு கதை: தேசிய அருங்காட்சியகங்களின் நிரந்தரக் காட்சிகளை 2001 டிசம்பரிலிருந்து எல்லோரும் இலவசமாகப் பார்க்கலாம்.