எழுப்புதல் கூட்டத்தில் வந்த மாற்றம் ஒரு கிழமைக்கு மேல் நிற்பதற்கு என்ன செய்யலாம்?

கிளிநொச்சியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "உபவாசக் கூட்டம், எழுப்புதல் கூட்டம் ஒன்றும் விடுவதில்லை. அழுது ஒப்புக்கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறேன். அடுத்த கிழமை அதே கோபம், அதே வாய். கிறிஸ்துவைப்போல மாறவேண்டும் என்கிறார்களே, அதை நாளாந்தம் எப்படிச் செய்வது?"

கூட்டத்தில் வந்த அழுகை பொய்யில்லை, அதை நீங்கள் சந்தேகிக்கத் தேவையில்லை. அங்கே ஒப்புக்கொடுத்தது "என் வாழ்க்கை முழுவதையும்". திங்கட்கிழமை விடிய யாரிடம் எந்தச் சொல்லைச் சொல்லாமல் விடப்போகிறீர்கள் என்பது அந்த ஒப்புக்கொடுத்தலில் இருக்காது. அதனால்தான் வீட்டுப் படலையைத் திறந்ததும் பழைய கோபம் பழைய இடத்திலேயே நிற்கிறது. ஒரு தடவைக்கு ஒரே ஒரு குணத்தை எடுங்கள். அந்தக் குணம் எந்த மனிதரிடம் அதிகம் வெளிப்படுகிறதோ, அந்த மனிதரையும் சேர்த்து எடுங்கள். நீங்கள் கத்தோலிக்கரோ, மெதடிஸ்த சபையோ, தென்னிந்திய திருச்சபையோ, பெந்தெகொஸ்தே சபையோ, இந்த வழி எல்லோருக்கும் பொருந்தும்.

கொலோசெயர் 3ஆம் அதிகாரத்தை 5ஆம் வசனத்திலிருந்து 14 வரை ஒரு கொப்பியில் கையால் எழுதுங்கள். 8ஆம் வசனத்தில் விடவேண்டியவை வரும்: கோபம், மூர்க்கம், பொறாமை, தூஷணம், வம்பு வார்த்தைகள். 12ஆம் வசனத்தில் தரிக்கவேண்டியவை: உருக்கமான இரக்கம், தயவு, மனத்தாழ்மை, சாந்தம், நீடிய பொறுமை. பவுல் ஒன்றை விடச்சொன்னால் அந்த இடத்தில் இன்னொன்றைப் போடச்சொல்கிறார். எபேசியர் 4:28 இன்னும் தெளிவு. திருடுகிறவன் இனித் திருடக்கூடாது, கையால் உழைக்கவேண்டும், இல்லாதவனுக்குக் கொடுக்கும் நிலைக்கு வரவேண்டும். மூன்றாவது படி வரும்வரை அந்த வேலை முடியவில்லை. "இனிக் கத்தமாட்டேன்" என்ற தீர்மானம் முதல் படியிலேயே நின்றுவிடுகிறது. கத்தாமல் விட்டவர் இரண்டு நாள் முகம் கொடுக்காமல் திரிவார், வீட்டில் அது கத்தலைவிடக் கொடுமை. கத்தவந்த நேரத்தில் அதற்குப் பதிலாக என்ன செய்வீர்கள் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கவேண்டும். "மகன் பள்ளிக்கூடத்துக்குப் பிந்தினால் வாசலில் நின்று பேசமாட்டேன், சைக்கிளை வெளியே எடுத்துக் கொடுப்பேன்" என்ற அளவுக்குச் சின்னதாக இருக்கட்டும்.

எந்தக் குணத்தை எடுப்பது என்று தெரியாவிட்டால் மனைவியிடமோ கணவரிடமோ கேளுங்கள். யோசிக்காமல் சொல்வார்கள். சொன்ன உடனே விளக்கம் கொடுக்க வாய் உன்னும். அந்த நேரத்தில் பேசாமல் இருப்பதுதான் முதல் பயிற்சி.

நாளின் ஒழுங்கு பெரிதாக வேண்டாம். விடிய 20 நிமிடம் போதும். ஆனால் போன் கைக்கு வருமுன் அந்த 20 நிமிடம் முடிந்திருக்கவேண்டும். மாற்கு சுவிசேஷத்தில் ஒரு சம்பவத்தை இரண்டு தடவை வாசியுங்கள், இரண்டாம் தடவை சத்தமாக. பிறகு ஒரே கேள்வி: இந்த இடத்தில் இயேசு இந்த மனிதரை எப்படி நடத்தினார்? குஷ்டரோகியைத் தொட்டார் (1:41). யவீருவின் வீட்டுக்கு அவசரமாகப் போகும் வழியிலும், பெரும்பாடுள்ள பெண்ணுக்காக நின்றார் (5ஆம் அதிகாரம்). பிள்ளைகளைத் தடுத்த சீஷர்களில் விசனமடைந்தார் (10:14). நாளுக்கு ஒரு சம்பவம் என்று போனால் 16 அதிகாரமும் முடிய ஏறக்குறைய மூன்று மாதம் செல்லும். இந்த மூன்று மாதமும் நிருபங்களைவிடச் சுவிசேஷமே நல்லது என்பது என் எண்ணம். யாரைப்போல மாறவேண்டுமோ, அவர் நடந்ததையும் பேசியதையும் கண்ணால் பார்க்காமல் அவரைப்போல மாறமுடியாது. வாசித்து முடிந்ததும் அன்றைக்கு நீங்கள் சந்திக்கப்போகும் அந்த ஒருவரின் பெயரைச் சொல்லிச் செபியுங்கள். அவர் திருந்தவேண்டும் என்று கேட்கவேண்டாம். அவருக்கு அன்றைக்கு வேண்டியதைக் கேளுங்கள்: அவருடைய மாட்டுக்கு வருத்தம் என்றால் அதற்காக, மகளுக்குப் பரீட்சை என்றால் அதற்காக.

இரவுக்கு, இயேசு சபையை நிறுவிய புனித லொயோலா இஞ்ஞாசியார் 16ஆம் நூற்றாண்டில் வகுத்த தனிப்பட்ட ஆன்மசோதனை முறை இன்றைக்கும் உதவும். ஒரு குறையை மட்டும் தெரிந்தெடுத்து, விடிய எழும்பும்போது தீர்மானம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை அன்றைய நேரத்தைத் திரும்பிப் பார்ப்பது. தவறிய ஒவ்வொரு தடவைக்கும் கோட்டில் ஒரு புள்ளி. ஒரு நாளுக்கு இரண்டு கோடு, மதியத்துக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. நேற்றையதோடு இன்றையதையும், போன கிழமையோடு இந்தக் கிழமையையும் ஒப்பிடவேண்டும். முதல் கிழமையில் புள்ளிகள் கூடத்தான் செய்யும்; முன்பு கவனிக்காமல் போனவை இப்போது கண்ணில் படுவதால் அப்படி. அந்த இடத்தில் பலர் கொப்பியை மூடிவிடுகிறார்கள். மூடவேண்டாம். புள்ளிகளை எண்ணி முடித்ததும் பிலிப்பியர் 2:13ஐச் சொல்லிவிட்டுப் படுங்கள். விருப்பத்தையும் செய்கையையும் நமக்குள் உண்டாக்குகிறவர் தேவன் என்கிறது அந்த வசனம். அதை மறந்தால் இந்தக் கொப்பி உங்களையே தண்டிக்கும் புத்தகமாகிவிடும்.

அடுத்தது, பலர் தாண்டிப்போகும் பகுதி: பிழை செய்த இடத்துக்குத் திரும்பிப் போவது. மத்தேயு 5:23, 24இல் காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னேயே வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகப் போ என்கிறார் ஆண்டவர். வன்னியில் இது பெரும்பாலும் மாடு, வரம்பு, வேலி, தண்ணி முறை, காசு என்ற ஐந்தில் ஒன்றாகத்தான் வரும்.

பக்கத்து வயல்காரரின் மாடு உங்கள் நெல்லுக்குள் இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஊருக்கே கேட்கப் பேசிவிட்டீர்கள், அவருடைய தாயையும் இழுத்துவிட்டீர்கள். மறுநாள் விடிய, வெயில் ஏறுமுன், நீங்களே போங்கள். போனில் வேண்டாம். பாஸ்டரையோ பாதரையோ கூட்டிக்கொண்டு போகவும் வேண்டாம். அப்படிப் போனால் அவருக்கு அது விசாரணை வைத்த மாதிரி. படலையில் நின்று இவ்வளவுதான் சொல்லவேண்டும்: "அண்ணை, நேற்று உங்கட அம்மாவைப் பற்றி நான் சொன்னது பிழை. மாட்டு விசயம் வேற, அதைப் பிறகு கதைப்பம். நான் சொன்ன சொல்லுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ." இதற்குப் பின்னால் "ஆனால் நீங்களும்" என்று ஒரு சொல் வந்தால் நடந்துபோன தூரம் வீண். அவர் முகத்தைத் திருப்பினாலும் உங்கள் பங்கு முடிந்தது. நெல் சேதத்தைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, அதை விடச் சொல்லவில்லை. அதை இன்னொரு நாள், கமக்கார அமைப்பு ஊடாகக் கேளுங்கள். மன்னிப்பையும் நட்டஈட்டையும் ஒரே மூச்சில் பேசினால் மன்னிப்பு விலை பேசின மாதிரிப் போய்விடும்.

காசு, காணி என்றால் வாயால் மன்னிப்புக் கேட்பது மட்டும் காணாது. எண்ணாகமம் 5:7 குற்றத்தை அறிக்கையிட்டு, முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. 10,000 ரூபாய் மறைத்திருந்தால் 12,000 திரும்பவேண்டும். வரி தண்டிய சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகக் கொடுக்கிறேன் என்றான் (லூக்கா 19:8). வேலியை அரை முழம் தள்ளிப் போட்டிருந்தால், கதியாலைப் பிடுங்கி உரிய இடத்தில் நடுவதுதான் மனந்திரும்புதல். ஒரே தடவையில் கட்டமுடியாவிட்டால் மாதம் இவ்வளவு என்று எழுதிக் கொடுங்கள். சீட்டுக் காசை நிறுத்திவைத்துக்கொண்டு ஆராதனையில் கை உயர்த்துகிறவரைப் பார்த்து, கடன் கொடுத்தவரின் பிள்ளைகள் சபைக்கே வராமல் போகிறார்கள்.

மன்னிப்பதைப் பற்றி எங்கள் மண்ணில் மிகக் கவனமாகப் பேசவேண்டும். 2009இல் போரில் உறவுகளை இழந்தவர்கள், இன்னும் பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கும் தாய்மார் எல்லாச் சபைகளிலும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து "மன்னித்து மறந்துவிடுங்கள், அப்போதுதான் ஆசீர்வாதம்" என்று சொல்வதற்கு வேதத்தில் ஆதாரம் கிடையாது. மன்னிப்பது என்றால் பழிவாங்குதலைத் தேவனிடம் விடுவது (ரோமர் 12:19). உண்மையைக் கேட்பதையும் நீதியைக் கேட்பதையும் அது தடுக்காது. கொலோசெயர் 3:13 கிறிஸ்து மன்னித்ததுபோல மன்னிக்கச் சொல்கிறது; அவர் உயிர்த்தெழுந்த பிறகும் காயத்தை மறைக்கவில்லை, தோமாவுக்குக் காட்டினார். இழப்பைச் சுமப்பவர் சங்கீதம் 13, 22, 88 ஆகியவற்றைத் தன் செபமாகச் சொல்லட்டும். 88ஆம் சங்கீதம் இருளில்தான் முடிகிறது, அதுவும் வேதத்தில் செபமாக இருக்கிறது. நித்திரை இல்லை, செத்தவர்களின் சத்தம் காதில் கேட்கிறது, உயிர் வேண்டாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் அது விசுவாசக் குறைவல்ல. மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போகலாம், 1926 என்ற தேசிய உளநல இலக்கத்துக்கு எடுக்கலாம். செபமும் மருந்தும் ஒன்றையொன்று தடுக்காது. அடிக்கிற புருஷனிடம் "பொறுத்துப் போ" என்று ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்புவதும் கிறிஸ்துவின் சாந்தம் அல்ல. அவளுக்கு முதலில் பாதுகாப்பான இடம் வேண்டும்.

தனியே செய்தால் இந்த ஒழுங்கு இரண்டு மாதத்தில் விழும். மெதடிஸ்தர் மத்தியில் ஒரு பழைய வழி உண்டு. 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஆராதனை மண்டபக் கடனை அடைக்க, பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர் என்று பிரித்து, அவர் கிழமைக்கு ஒரு பென்னி தண்ட வீடு வீடாகப் போனார். போன இடத்தில் ஆட்கள் உண்மையில் எப்படி வாழ்கிறார்கள் என்பது தெரியவந்தது. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி அதையே ஆத்தும விசாரிப்புக்கான வகுப்பாக்கினார். இங்கே பன்னிரண்டு பேர் கூடிப்போகும். மூன்று அல்லது நான்கு பேர், ஆண்கள் தனியாக, பெண்கள் தனியாக, கிழமைக்கு ஒரு மணித்தியாலம். ஒவ்வொருவருக்கும் மூன்று கேள்வி: எடுத்த குணத்தில் இந்தக் கிழமை எங்கே விழுந்தீர்கள்? எங்கே கிருபை கிடைத்தது? யாரிடம் போய்ச் சரிசெய்ய இருக்கிறது? இரண்டு சட்டம் வையுங்கள். ஒருவர் தன் பாவத்தை மட்டும் சொல்லவேண்டும், "என்ர மனுசிக்காகச் செபியுங்கோ, அவ..." என்று தொடங்கினால் உடனே நிறுத்தவேண்டும், செப விண்ணப்பம் என்ற பெயரில் கோள் உள்ளே வருவது அந்த வழியால்தான். கேட்டது வெளியே போகக்கூடாது. ஒரே ஒரு தடவை வெளியே போனாலும் அந்தக் குழு முடிந்துவிடும், திரும்பக் கட்ட முடியாது. சாட்சி சொல்ல மேடைக்கு அழைத்தால் ஒரு வருடம் பொறுக்கச் சொல்லுங்கள். எல்லோர் முன்னும் "கோபம் போய்விட்டது" என்று சொன்னவர் அடுத்த தடவை விழுந்ததை யாரிடமும் சொல்லமுடியாமல் மாட்டிக்கொள்கிறார். கத்தோலிக்கருக்கு ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது. "கோபப்பட்டேன்" என்று பொதுவாகச் சொல்லாமல், கொப்பியில் உள்ளபடி யாரிடம், எத்தனை தடவை என்று சொன்னால் பாதரும் உரிய ஆலோசனை தரமுடியும்.

உபவாசம் பற்றிச் சுருக்கமாக. கிழமைக்கு ஒரு நாள், ஒரு நேரச் சாப்பாட்டை விடுவதிலிருந்து தொடங்கலாம். இந்த வெயிலில் தண்ணி குடிக்காமல் இருக்கவேண்டாம். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர், கர்ப்பிணி, பாலூட்டும் தாய் சாப்பாட்டை விடக்கூடாது, வேறொன்றை விடலாம். கத்தோலிக்க ஒழுங்கில் திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் 18 முதல் 59 வயதுவரை உள்ளவர்களுக்கு நோன்பு நாள், ஒரு முழுச் சாப்பாடும் இரண்டு சிறு சாப்பாடும். விட்ட சாப்பாட்டின் காசு அன்றைக்கே ஒரு தேவையுள்ள வீட்டுக்குப் போகவேண்டும். ஏசாயா 58:7 பசியுள்ளவனுக்கு ஆகாரத்தைப் பகிர்ந்துகொடுப்பதைத்தான் உபவாசம் என்கிறது. பசியில் எரிந்து விழுவீர்கள் என்றால், நீங்கள் எடுத்த குணம் கோபமாக இருக்கும் காலத்தில் உபவாசத்தை மெல்லக் கூட்டுங்கள்.

காலபோக விதைப்பிலும் அரிவிவெட்டிலும் இந்த 20 நிமிடம் நடக்காது. இரவுத் தண்ணி முறை பார்த்துவிட்டு வருபவர் விடிய எழும்பமாட்டார். அந்தக் கிழமைகளுக்கு முன்கூட்டியே ஒரு குறைந்த ஒழுங்கை எழுதிவையுங்கள்: ஒரு வசனம் மனப்பாடமாக, வரம்பில் நடக்கும்போது அந்த ஒருவருக்காகச் செபம், படுக்குமுன் புள்ளி. அறவே விட்டவர் திரும்பத் தொடங்குவது சரியான கஷ்டம்.

ஆறு கிழமை போனதும், நீங்கள் எடுத்த அந்த ஒருவரிடமே கேளுங்கள்: "என்னில ஏதும் வித்தியாசம் தெரியுதோ?" தெரியுது என்றால் அடுத்த குணத்துக்குப் போகலாம். இல்லை என்றால் வாக்குவாதம் செய்யாமல், எந்த இடத்தில் இன்னும் அப்படியே இருக்கிறேன் என்று கேட்டு, அவர் சொன்ன சொல்லையே கொப்பியின் புதுப் பக்கத்தில் மேலே எழுதி, அதே குணத்தோடு இன்னொரு ஆறு கிழமை தொடருங்கள்.