அத்தைக்கு வந்தது எந்தப் புற்றுநோய்?

கேள்வி: எனக்கு வயது 32. தஞ்சாவூர் பக்கம் நெல் வியாபாரம் செய்கிறேன். சென்ற ஆண்டு அப்பாவுக்கு, 57 வயதில், பெருங்குடலின் வலப்பக்கத்தில் புற்றுநோய் என்று அறுவை சிகிச்சை நடந்தது. மூன்றாம் நிலை என்றார்கள், கீமோவும் முடிந்துவிட்டது. அவருடைய அக்கா 49 வயதில் கர்ப்பப்பை புற்றுநோயில் இறந்தவர். எனக்கு இரண்டு மாதமாக அவ்வப்போது மலத்தோடு ரத்தம் வருகிறது. மூலம் என்று சொல்லிக் களிம்பு கொடுத்தார்கள். பயத்தில் ஒரு லேபில் மலப் பரிசோதனை செய்துகொண்டேன். ரத்தம் இல்லை என்று வந்தது. இது போதுமா, கொலோனோஸ்கோபி செய்ய வேண்டுமா? 29 வயதுத் தங்கைக்கும் வேண்டுமா? அப்பா ஆஸ்பிரின் சாப்பிட்டால் நோய் திரும்பாது என்கிறார்களே, உண்மையா?

பதில்: முதலில் உங்கள் அத்தையைப் பற்றிப் பேசிவிடுவோம். நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த ஒரு வரியில்தான் என் கண் நின்றது.

கர்ப்பப்பை புற்றுநோய் என்று நம் ஊரில் சொல்லும்போது இரண்டு வேறு நோய்களை ஒரே பெயரில் அழைக்கிறோம். ஒன்று கருப்பைவாயில் வருவது. எச்.பி.வி. என்ற வைரஸ் தொற்றால் உண்டாவது. உங்கள் அப்பாவின் குடலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மற்றொன்று கருப்பையின் உள்வரிச் சவ்வில் வருவது. அத்தைக்கு வந்தது இந்த இரண்டாவது வகை என்றால், அதுவும் 50 வயதுக்குள் என்றால், தம்பியின் குடல் புற்றுநோயையும் அக்காவின் கருப்பைப் புற்றுநோயையும் தனித்தனியாகப் பார்க்க முடியாது. வீட்டில் பழைய டிஸ்சார்ஜ் சீட்டு இருக்கிறதா என்று தேடுங்கள். கிடைக்காவிட்டால், மாதவிடாய் நின்ற பிறகு உதிரப்போக்கு இருந்ததா, கருப்பையை எடுத்தார்களா, கதிர்வீச்சு மட்டும் கொடுத்தார்களா என்று வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். இது உறுதியான வழியல்ல. ஆனாலும் பதிலில் ஒரு துப்பு கிடைக்கும்.

இந்தத் தொடர்பைக் கண்டுபிடித்ததே ஒரு தையற்காரப் பெண்ணின் பேச்சிலிருந்துதான். 1895இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஆல்ட்ரெட் வார்த்தின் என்ற நோய்க்குறியியல் பேராசிரியரிடம் அவர், ‘எங்கள் குடும்பத்தில் எல்லோரும் குடலிலோ கருப்பையிலோ புற்று வந்துதான் சாகிறார்கள், நானும் அப்படித்தான் போவேன்’ என்ற பொருளில் சொன்னாராம். அவர் கருப்பைப் புற்றுநோயில்தான் இறந்தார். வார்த்தின் அந்தக் குடும்ப வரலாற்றை 1913இல் வெளியிட்டார். அரை நூற்றாண்டு கழித்து ஹென்றி லிஞ்ச் இதே போன்ற குடும்பங்களைத் தேடி ஆராய்ந்தார். நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது, லிஞ்ச் சிண்ட்ரோம்.

ஒவ்வொரு முறை செல் பிரியும்போதும் டி.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது. அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவர் போல, அந்தப் படியில் விழும் எழுத்துப் பிழைகளைத் திருத்தும் புரதங்கள் உண்டு. எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2 ஆகிய நான்கு மரபணுக்கள் அவற்றைத் தயாரிக்கின்றன. இவற்றில் ஒன்று பிறவியிலேயே பழுதானால் பிழைகள் குவியும். குடலும் கருப்பை உள்வரியும்தான் அதிகம் அடிபடும். குடலில் வந்தால் பெரும்பாலும் வலப்பக்கத்தில் வரும். உங்கள் அப்பாவுக்கு எந்தப் பக்கம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இதனால் அப்பாவுக்கு லிஞ்ச் சிண்ட்ரோம்தான் என்று நான் முடிவு கட்டவில்லை. குடல் புற்றுநோய் வந்தவர்களில் சுமார் 3 சதவீதத்தினருக்கே இது இருக்கிறது. ஆனால் உங்கள் குடும்பத்தில் இதைக் கேட்காமல் விடக்கூடாது. கேட்பதும் எளிது. அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டியின் துண்டை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள். பாரஃபின் பிளாக் என்று பெயர். அதில் எம்.எம்.ஆர். புரதங்களுக்கான, அதாவது மேலே சொன்ன பிழை திருத்தும் புரதங்கள் இருக்கின்றனவா என்று சாயமேற்றிப் பார்க்கும், ஐ.எச்.சி. சோதனை நடந்ததா என்று அப்பாவின் பயாப்சி அறிக்கையில் பாருங்கள். நடந்திருந்தால் நான்கு பெயர்களுக்கு நேரே ‘இன்டாக்ட்’ (புரதம் இருக்கிறது) அல்லது ‘லாஸ்’ (புரதம் இல்லை) என்று இருக்கும். நடக்கவில்லையென்றால் இப்போதும் செய்யலாம். அப்பாவை மறுபடி குத்தவோ வெட்டவோ வேண்டியதில்லை, பிளாக் போதும்.

எங்காவது ‘லாஸ்’ என்று வந்தாலும் உடனே அதிர வேண்டாம். எம்.எல்.எச்.1 காணாமல் போவது வயதானவர்களுக்குப் பரம்பரைக் காரணம் இல்லாமலும் நடக்கும். அதைப் பிரித்தறிய அதே கட்டியில் இன்னொரு சோதனை உண்டு. அதற்குப் பிறகே அப்பாவின் ரத்தத்தில் மரபணுச் சோதனை. அதில் பழுது தெரிந்தால்தான் உங்களுக்கும் தங்கைக்கும் சோதனை. உங்கள் ஒவ்வொருவருக்கும் அது வந்திருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. நான்கும் ‘இன்டாக்ட்’ என்றால் பெருமளவு நிம்மதி. அப்போதும் அத்தைக்கு வந்தது இரண்டாவது வகை என்று தெரியவந்தால், மரபணு ஆலோசகரிடம் ஒருமுறை பேசுங்கள். அபூர்வமாக இந்தச் சோதனையில் சிக்காத பழுதுகளும் உண்டு.

இனி உங்கள் விஷயம். நீங்கள் மலப் பரிசோதனையா, ஆசனவாய் வழியே கேமராக் குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபியா என்று கேட்கிறீர்கள். அந்தக் கேள்வி எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு உரியது. உங்களுக்கு ரத்தம் கண்ணுக்கே தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைத் தேடும் சோதனை அன்றைக்கு ‘இல்லை’ என்றது என்றால், அன்றைய மலத்தில் இல்லை என்றுதான் பொருள். பிரிட்டனில் அறிகுறி உள்ளவர்களுக்கும் எஃப்.ஐ.டி. என்ற மலப் பரிசோதனையைச் செய்து, யாருக்கு அவசரமாகக் குழாய் விட வேண்டும் என்று பிரிக்கிறார்கள். ஆனால் அங்கே ஒரு கிராம் மலத்துக்கு 10 மைக்ரோகிராம் ஹீமோகுளோபினை எட்டுகிறதா என்று எண்ணாக அளந்து பார்க்கிறார்கள். எண் குறைவாக இருந்தாலும் ரத்தம் தொடர்ந்தால் அதோடு விடுவதில்லை. இங்கே பல லேப்கள் வெறும் பாசிட்டிவ், நெகட்டிவ் என்று தருகின்றன. அதுவும் பழைய ரசாயன முறையா, மனித ரத்தத்தை மட்டும் கண்டறியும் எஃப்.ஐ.டி.யா என்று சீட்டில் இருப்பதுகூட இல்லை. எஃப்.ஐ.டி.யாகவே இருந்தாலும், ஒரே முறை செய்தால் குடல் புற்றுநோய் உள்ள நான்கு பேரில் சுமார் ஒருவரைத் தவறவிடும். புற்றாக மாறக்கூடிய பெரிய பாலிப்புகளில் (குடலின் உட்சுவரில் வளரும் சதை முளைகள்) முக்கால்வாசியைத் தவறவிடும்.

மலப் பரிசோதனையை நான் மட்டம் தட்டவில்லை. தொந்தரவு இல்லாதவர்கள் ஆண்டுதோறும் அல்லது இரண்டாண்டுக்கு ஒருமுறை செய்துகொண்டே வந்தால் அதன் பலன் நிரூபணமான ஒன்று. 1993இல் வெளியான மினசோட்டா ஆய்வில், பழைய ரசாயன முறையிலேயே, ஆண்டுதோறும் செய்தவர்களிடம் குடல் புற்றுநோய் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 2025இல் முடிவு வந்த ஸ்பெயின் ஆய்வில், குடல் புற்றுநோய் மரணத்தைத் தடுப்பதில், எஃப்.ஐ.டி.க்கு அழைத்தது கொலோனோஸ்கோபிக்கு அழைத்ததற்குப் பத்தாண்டுகளில் சளைக்கவில்லை. காரணம், மலத்தைக் கொடுக்கச் சம்மதிக்கிறவர்கள் குழாய்க்குச் சம்மதிக்கிறவர்களைவிட அதிகம். 2022இல் போலந்து, நார்வே, ஸ்வீடன் மக்களிடம் நடந்த பெரிய ஆய்வு வெளியானபோது ‘கொலோனோஸ்கோபியால் பயனில்லை’ என்று செய்திகள் வந்தன; அதுவும் இதே கதைதான். அழைத்தவர்களில் வந்தவர்கள் 42 சதவீதம்தான். அப்படியிருந்தும் அழைக்கப்பட்ட கூட்டத்தில் பத்தாண்டுகளில் புற்றுநோய் 18 சதவீதம் குறைந்திருந்தது. வராதவர்களுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டுக் குழாயைக் குறை சொல்வது நியாயமில்லை.

ஆகவே உங்களுக்கு என் பதில்: கொலோனோஸ்கோபி செய்துகொள்ளுங்கள், சில வாரங்களுக்குள். பெற்றோரில் ஒருவருக்கு 60 வயதுக்கு முன் வந்திருந்தால், பிள்ளைகள் 40 வயதிலோ, பெற்றோருக்கு நோய் வந்த வயதுக்குப் பத்தாண்டு முன்னோ, எது முந்தியதோ அப்போது தொடங்கி ஐந்தாண்டுக்கு ஒருமுறை செய்துகொள்ள வேண்டும் என்பது பொது விதி. அந்தக் கணக்கில் உங்களுக்கு இன்னும் எட்டு ஆண்டுகள் இருக்கின்றன. ஆனால் ரத்தம் விதிக்காகக் காத்திருப்பதில்லை. 50 வயதுக்குள் குடல் புற்றுநோய் வந்தவர்களை ஆராய்ந்தபோது, கண்டுபிடிப்பதற்குப் பல மாதங்கள் முன்பே நான்கு அறிகுறிகளில் ஒன்றாவது அவர்களில் சிலரிடம் இருந்தது: ஆசனவாய் ரத்தம், விடாத வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு, இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை. ஹீமோகுளோபினையும் பார்த்துவிடுங்கள்.

உங்களுக்கு இருப்பது மூலமாகவே இருக்கலாம். 32 வயதில் அதற்குத்தான் வாய்ப்பு அதிகம். ஆனால் பார்க்காமல் மூலம் என்று சொல்லியிருந்தால் அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். கையுறை மாட்டிய விரலால் ஆசனவாயைத் தொட்டுப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது. மலக்குடல் புற்றுநோயில் பல விரலுக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கும். கூச்சப்படுவது நோயாளி மட்டுமல்ல, மருத்துவர்களும்தான். அந்தக் கூச்சத்தால் களிம்பிலேயே ஓராண்டைக் கழித்துவிட்டு வருகிறவர்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். தவிர, மூலம் இருக்கிறவருக்குப் புற்று வராது என்று எந்த ஒப்பந்தமும் இல்லை.

கொலோனோஸ்கோபியில் கடினமானது குழாய் அல்ல, முந்தைய நாள்தான். குடல் சுத்தமாக இல்லாவிட்டால் தட்டையான பாலிப்புகள் மலத்துக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். இரண்டு மூன்று நாள் முன்பே கீரை, கொய்யா, தக்காளி, சிறுதானியம் எல்லாவற்றையும் நிறுத்தி வெள்ளைச் சோறு, இட்லி, தயிர் என்று இருங்கள். (மற்ற நாள்களில் நான் சொல்லும் உணவுக்கு நேர் எதிர், சிரிக்காதீர்கள்.) முதல் நாள் இளநீர், வடிகட்டிய எலுமிச்சைச் சாறு, பால் விடாத தேநீர். சிவப்பு, ஊதா நிறப் பானங்கள் கூடாது. உள்ளே ரத்தம் போலத் தெரியும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் ஒரு வாரம் முன்பே நிறுத்துங்கள். பேதி மருந்தை முழுவதும் ஒரே இரவில் குடிக்காமல், பாதியை முதல் நாள் மாலையும் மீதியை மறுநாள் அதிகாலை, சோதனைக்கு நான்கைந்து மணி நேரம் முன்பும் குடித்தால் குடல் நன்றாகச் சுத்தமாகும். அறிக்கை வந்ததும் இரண்டு விஷயங்களைப் பாருங்கள்: குழாய் பெருங்குடலின் தொடக்கமான சீக்கம் வரை போனதா, குடல் எவ்வளவு சுத்தமாக இருந்தது. சீக்கத்தின் படம் இருக்க வேண்டும். அங்கிருந்து வெளியே வரும் வழியில்தான் பாலிப்பைத் தேடுவார்கள். அதற்குக் குறைந்தது ஆறு நிமிடமாவது எடுத்துக்கொள்ள வேண்டும். குடலில் ஓட்டை விழும் ஆபத்து ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு.

தங்கைக்கு எந்தத் தொந்தரவும் இல்லையென்றால், அவருடைய பதில் அப்பாவின் பிளாக்கில் இருக்கிறது. எம்.எம்.ஆர். சரியாக இருந்து வேறு பழுதும் தெரியாவிட்டால், 40 வயதில் தொடங்கலாம். லிஞ்ச் என்று உறுதியாகித் தங்கைக்கும் அது வந்திருந்தால், எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2 பழுதுக்கு 20 முதல் 25 வயதிலேயே தொடங்கி ஒன்று இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. மற்ற இரண்டுக்கும் 30 வயதுக்கு மேல். சாதாரணமாகப் பாலிப் புற்றாக மாறச் சுமார் பத்தாண்டுகள் ஆகும். இவர்களுக்கு இரண்டு மூன்று ஆண்டுகளே போதும். அதனால்தான் இந்த அவசரம்.

அப்பாவின் ஆஸ்பிரினுக்கும் ஒரு சோதனை முடிவு வேண்டும். 2025இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில், கட்டியில் பி.ஐ.கே.3சி.ஏ. என்ற மரபணு மாற்றம் இருந்தவர்கள் அறுவைக்குப் பின் தினமும் 160 மில்லிகிராம் சாப்பிட்டபோது நோய் திரும்புவது ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. எல்லோருக்கும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. லிஞ்ச் உள்ளவர்களிடம் நடந்தது வேறு ஆய்வு: இரண்டாண்டுகள் தினமும் 600 மில்லிகிராம் சாப்பிட்டவர்களில் பத்தாண்டுகளில் 9 சதவீதத்தினருக்கும், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 13 சதவீதத்தினருக்கும் குடல் புற்றுநோய் வந்தது. வயிற்றுப் புண், மூளையில் ரத்தக் கசிவு இரண்டும் ஆஸ்பிரினோடு வரக்கூடியவை. பக்கத்து மருந்துக் கடையில் வாங்கித் தொடங்க வேண்டாம்.

நடை வேறு விஷயம். கனடாவும் ஆஸ்திரேலியாவும் முன்னின்று 889 பேரிடம் நடத்திய ஆய்வு 2025இல் வெளியானது. கீமோ முடிந்தவர்களுக்கு மூன்றாண்டுகள் பயிற்சியாளர் ஒருவரை வைத்து, வாரத்தில் மூன்று நான்கு நாள், முக்கால் மணி நேர விறுவிறு நடைக்கு ஈடான உடற்பயிற்சி கொடுத்தார்கள். எட்டாண்டுகளுக்குப் பின் அவர்களில் 90 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். ஆலோசனைப் புத்தகம் மட்டும் பெற்றவர்களில் 83 சதவீதம் பேர். ஒரு மருந்து இவ்வளவு செய்திருந்தால் அதன் விலையை யோசித்துப் பாருங்கள். அப்பாவின் மருத்துவரிடம் கேட்டுவிட்டு, மாலையில் நீங்களும் கூட நடங்கள்.

ஒன்று சொல்ல மறந்தேன். முழு உடல் பரிசோதனைத் தொகுப்புகளில் சி.இ.ஏ. என்று ஒரு ரத்தச் சோதனை சேர்த்திருப்பார்கள். அது அப்பாவைப் போல நோய் வந்தவர்களைக் கண்காணிக்க உதவும். உங்களைப் போன்றவருக்கு நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க உதவாது. புகைபிடிப்பவருக்கே கூடும், ஆரம்பப் புற்றுநோயில் கூடாமலும் இருக்கும். அது சரியாக இருக்கிறது என்று கொலோனோஸ்கோபியைத் தள்ளிப்போடாதீர்கள்.

அப்பாவின் சோதனையில் பரம்பரைப் பழுது என்று உறுதியானால், அத்தையின் பிள்ளைகளுக்கும் நீங்களே போன் செய்து சொல்லுங்கள். அத்தை மகள்கள் இருந்தால், அறிக்கைக்குக் காத்திராமல் இப்போதே ஒன்றை மட்டும் சொல்லலாம்: மாதவிடாய் அல்லாத நாளிலோ, நின்ற பிறகோ உதிரம் கண்டால், அம்மாவுக்கு இருந்த நோயைச் சொல்லிப் பெண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.