‘லேண்ட் சீடிங் நோ’ என்று வந்தால் யாரைப் பார்ப்பது?

கேள்வி: அப்பா 2023-ல் காலமாகிவிட்டார். அவருடைய 1 ஏக்கர் 40 சென்ட் நிலத்தின் பட்டாவை என் பெயருக்கு மாற்றி, விவசாயிகளுக்கு மத்திய அரசு தவணையாகப் பணம் தரும் பி.எம்.கிசான் திட்டத்துக்கு விண்ணப்பித்தேன். பணம் வரவில்லை. ஆன்லைனில் ‘லேண்ட் சீடிங் நோ’ என்று காட்டுகிறது. 1,500 ரூபாய் கொடுத்தால் ‘யெஸ்’ ஆக்கித் தருவதாகக் கம்ப்யூட்டர் சென்டரில் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?
– வாசகர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: கொடுக்காதீர்கள். ‘லேண்ட் சீடிங்’ என்பது, நிலம் உங்கள் பெயரில் இருப்பதைச் சரிபார்த்துத் திட்டத்தில் ஏற்றுவது. அந்த ‘நோ’வை மாற்றும் அதிகாரம் எந்த கம்ப்யூட்டர் சென்டருக்கும் கிடையாது. பட்டாவைச் சரிபார்த்து ஏற்றுவது வேளாண்மைத் துறை. சென்டர்காரர் செய்யப்போவது, உங்கள் தாள்களை ஸ்கேன் செய்து இன்னொரு விண்ணப்பம் போடுவதுதான். 2020-ல் உங்கள் மாவட்டம் உட்படப் பல மாவட்டங்களில் விவசாயிகளே அல்லாதவர்களை இந்தத் திட்டத்தில் சேர்த்து, 110 கோடி ரூபாய் போனது. கமிஷன் புரோக்கருக்கு, பணத்தைத் திருப்பிக் கட்டியது வங்கிக் கணக்கு வைத்திருந்தவர். அதை மறக்க வேண்டாம்.

உங்கள் விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தை முதலில் பாருங்கள்: நிலம் எந்தத் தேதியில், எந்த வகையில் உங்கள் கைக்கு வந்தது? 1.2.2019-க்குப் பிறகு வாங்கிய நிலத்துக்கு இந்தப் பணம் கிடையாது. உரிமையாளர் இறந்து, வாரிசுக்கு வந்த நிலத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. நீங்கள் அந்த விலக்கில் வருகிறவர். ஆனால் சென்டரில் அவசரமாகப் பட்டா மாறிய தேதியை மட்டும் அடித்துவிட்டு, வாரிசு என்பதை விட்டுவிட்டால், புதிதாக நிலம் வாங்கியவர் போலத்தான் தெரிவீர்கள். இன்னொன்று: அப்பா உயிரோடு இருக்கும்போதே 2019-க்குப் பின் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்திருந்தால், அது வாரிசுரிமை ஆகாது. பிறகு அவர் இறந்திருந்தாலும் நிலம் வந்தது பத்திரத்தால்தான். பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் படித்துவிடுங்கள்.

அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, உங்கள் பெயருக்கு மாறிய சிட்டா, ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகலோடு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போங்கள். உதவி வேளாண்மை அலுவலரிடம் பதிவு எண்ணைச் சொல்லி, வாரிசு அடிப்படையில் நிலத்தைச் சரிபார்க்கக் கேளுங்கள். மனுவாக எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வாய்ச்சொல்லாகச் சொன்னால் ‘மேலே அனுப்பியாச்சு’ என்ற பதிலோடு அடுத்த தவணையும் போய்விடும். சிட்டாவில் இருக்கும் பெயரும் ஆதாரில் இருக்கும் பெயரும் வேறு வேறாக இருந்தால், அதைத் திருத்திய பிறகு போவது நல்லது. பட்டா ஒரு துறை, பணம் இன்னொரு துறை. இரண்டும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளாத பாவத்துக்கு அலைவது விவசாயி.

அப்பாவின் கணக்கில் அவர் இறந்த பிறகும் தவணை ஏறியிருந்தால் ஏ.டி.எம். அட்டையால் எடுக்காதீர்கள். எடுத்திருந்தால் அலுவலகத்தில் சொல்லித் திருப்பிக் கட்டிவிடுங்கள். பின்னால் அது வசூலாக வரும்.

நிலம் ‘யெஸ்’ ஆனாலும் பணம் எந்தக் கணக்குக்கு வரும் என்பது தனி விஷயம். கடைசியாக எந்த வங்கியில் மானியத்துக்காக ஆதாரை இணைத்தீர்களோ, தவணைப் பணம் 2,000 ரூபாய் அங்கேதான் விழும். விண்ணப்பத்தில் எழுதிய கணக்கு எண் பொருட்டில்லை. புத்தகத்தில் ஆதார் பதிவாகியிருப்பது வேறு, மானியத்துக்கு இணைப்பது வேறு. வங்கியில் இரண்டாவதைக் கேளுங்கள்.

இ-கேஒய்சியை, அதாவது ஆதார் மூலம் உங்கள் அடையாளத்தை உறுதிசெய்வதை, ஆதாரோடு இணைந்த செல்போனுக்கு வரும் ஓ.டி.பி. மூலம் காசில்லாமல் நீங்களே முடிக்கலாம். விரல் ரேகை வைத்துச் செய்தால் பொதுச் சேவை மையத்தில் 15 ரூபாய். வாட்ஸ்அப்பில் ‘பி.எம்.கிசான்’ என்று வரும் ஏ.பி.கே. கோப்பை (செல்போனில் ஆப் ஏற்றும் கோப்பு) மட்டும் தொடாதீர்கள். திறந்தால் கணக்கில் இருப்பதும் போகும்.