மெல்போர்னில் வீட்டிலேயே பார்லர் தொடங்கி, காதும் குத்தி, மாணவர்களுக்கு அறையும் வாடகைக்கு விட்டால் கவுன்சிலில் எதை எதைப் பதிய வேண்டும்?

கேள்வியில் மூன்று தொழில் இருக்கிறது. கராஜை அறையாக மாற்றித் திரெட்டிங், வாக்ஸிங், ஃபேஷியல். நம் ஆட்களின் பிள்ளைகளுக்குக் காது குத்துவது. பின்பக்க அறைகளை மாணவர்களுக்கு விடுவது. விக்டோரியா மாநிலத்தில் மூன்றும் 2008-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதார, நலவாழ்வுச் சட்டத்துக்குள்தான் வருகின்றன. போக வேண்டிய இடமும் ஒன்றுதான்: உங்கள் கவுன்சிலின் (உள்ளூராட்சி மன்றத்தின்) சுகாதாரப் பிரிவு. "ஏபிஎன் எடுத்தாச்சு, ஆசிக்கில் கடைப் பெயரும் பதிஞ்சாச்சு, போதாதா?" என்று பலர் கேட்கிறார்கள். போதாது. ஏபிஎன் என்ற தொழில் எண் வரிக்கு, ஆசிக் என்ற நிறுவனப் பதிவு ஆணையத்தில் பதிவது பெயருக்கு. கவுன்சில் பதிவு நீங்கள் தொழில் செய்யும் அந்த அறைக்கும் அதை நடத்துபவருக்கும்.

முதலில் எந்த வகை என்று முடிவு செய்யுங்கள், மற்றதெல்லாம் அதைப் பொறுத்தது. முடிவெட்டுவது, கழுவினால் போகும் மேக்கப் போடுவது, இவை இரண்டு மட்டும் என்றால் ஆபத்துக் குறைந்த தொழில். ஒரு முறை பதிந்தால் போதும், புதுப்பிக்க வேண்டாம். அதோடு வாக்ஸிங்கோ ஃபேஷியலோ சேர்ந்துவிட்டால் அந்தச் சலுகை போய்விடும், அவ்வப்போது கட்டணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். பெரும்பாலான கவுன்சில்களில் டிசம்பர் 31-உடன் காலாவதி. காது குத்துவது தோலைத் துளைக்கும் வேலை, அதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். மைக்ரோபிளேடிங்கை (புருவத்துத் தோலைக் கீறி நிறமேற்றுவதை) "புருவ அலங்காரம்" என்று எழுதிக் கொடுக்காதீர்கள். சட்டத்தின் கண்ணில் அது பச்சை குத்துவது. இன்னொருவரின் பார்லரில் ஒரு நாற்காலியை வாடகைக்கு எடுத்துச் சொந்தமாகத் தொழில் செய்பவருக்கும் தனிப் பதிவு வேண்டும். கடைக்காரரின் சான்றிதழ் அவரைக் காப்பாற்றாது.

வீடு என்பதால் சுகாதாரப் பிரிவுக்கு முன் திட்டமிடல் பிரிவை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வீட்டுத் தொழிலுக்கு அனுமதி இல்லாமலே நடத்தலாம், ஆனால் வரம்பு உண்டு. வீட்டின் தளப் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 100 சதுர மீட்டர், எது குறைவோ அது. 150 சதுர மீட்டர் வீட்டில் 50-க்கு மேல் தொழிலுக்கு எடுக்க முடியாது. அந்த வீட்டில் குடியிருக்காதவர்கள் ஒரே நேரத்தில் 2 பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது. கராஜை ஆள் புழங்கும் அறையாக மாற்றக் கட்டட அனுமதி வேறு. வாடகை வீடானால் வீட்டுக்காரரின் எழுத்து மூலச் சம்மதத்தையும் முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

அடுத்தது வரைபடம். பணம் வீணாவது இங்கேதான். டைல்ஸ் ஒட்டி, குழாய் போட்டு, கண்ணாடி மாட்டிய பிறகு கவுன்சிலுக்குப் போன் செய்வது நம் பழக்கம். வரைபடத்தை அனுப்பி, "சரி" என்று பதில் வந்த பிறகுதான் பிளம்பரைக் கூப்பிட வேண்டும். அளவுப்படி வரைந்த தாளில் நாற்காலி, கட்டில், கை கழுவும் பேசின், கருவி கழுவும் சிங்க், அலமாரி, குப்பைத் தொட்டி எல்லாம் எங்கே என்று தெரிய வேண்டும். தரை, சுவர், மேசைக்கு என்ன பொருள் என்றும் எழுத வேண்டும். வேலை நடக்கும் இடத்தில் கம்பளம் வேண்டாம். வழுவழுப்பான, நீர் உறிஞ்சாத பரப்பாக இருக்க வேண்டும்.

இரண்டு சிங்க் என்பதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். கை கழுவுவதற்கு ஒன்று, கருவிகளைக் கழுவ இன்னொன்று. கை கழுவும் பேசினில் சுடுநீரும் குளிர்நீரும் கலந்து ஒரே வாயில் வர வேண்டும், பக்கத்தில் திரவச் சோப்பும் காகிதத் துண்டும் இருக்க வேண்டும். சமையலறை சிங்க் எதற்குமே ஆகாது. குளியலறைக் குழாய் "பக்கத்துலதானே இருக்கு" என்ற வாதமும் எடுபடாது. கையுறையைக் கழற்றிய கையோடு கதவைத் திறந்து போக வேண்டியிருந்தால் கதவுப் பிடியும் அசுத்தம்தான்.

திரெட்டிங்கில் ஒரு விஷயம். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு செய்வது ஊரில் சாதாரணம். எச்சில் பட்ட நூல் வாடிக்கையாளரின் தோலில் ஓடுவதை இங்கே எந்தச் சுகாதார அதிகாரியும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். நூலைக் கழுத்தில் மாட்டிச் செய்யப் பழகிக்கொள்ளுங்கள். ஒரு ஆளுக்கு ஒரு துண்டு நூல், முடிந்ததும் குப்பையில். மெழுகுக் குச்சியும் அப்படியே: தோலைத் தொட்ட குச்சி மறுபடி சட்டிக்குள் போகக் கூடாது. ஒரு காலுக்குப் பத்துக் குச்சி செலவானாலும் ஆகட்டும், மலிவான சாமான்தான்.

காது குத்துவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தோலுக்குள் போகும் எந்தப் பொருளும் அந்த நேரத்தில் கிருமி நீக்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்பது விதி. வெந்நீரில் கொதிக்க வைப்பது, டெட்டாலில் ஊற வைப்பது, நீல விளக்கு எரியும் யூவி பெட்டி, எதுவும் கிருமி நீக்கம் ஆகாது. யூவி பெட்டியைப் பார்லர் சாமான் கடைகளில் "ஸ்டெரிலைசர்" என்றே விற்பார்கள், ஏமாறாதீர்கள். அழுத்த நீராவியில் கருவிகளைச் சூடாக்கும் ஆட்டோகிளேவ் இயந்திரம்தான் கணக்கு: 134 டிகிரியில் 3 நிமிடம் அல்லது 121 டிகிரியில் 15 நிமிடம். இது அந்த வெப்பத்தில் நிற்க வேண்டிய நேரம். சூடேறுவதும் பொட்டலம் உலர்வதும் தனி. ஈரப் பொட்டலத்தை வெளியே எடுத்தால் கிருமி மறுபடி உள்ளே போகும். ஒவ்வொரு சுற்றையும் பதிவேட்டில் குறிக்க வேண்டும். வாரத்துக்கு நாலு காது குத்த இந்தத் தலைவலி தேவையில்லை என்பது என் கருத்து. ஒரு முறை மட்டும் பயன்படுத்தும், மூடிய உறையில் வரும் ஊசியும் ஸ்டட்டும் (சிறு பொட்டுத் தோடும்) வாங்கிவிடுங்கள். காது குத்தும் கன் என்றால் தோலில் படும் பகுதி முழுவதும் கழற்றி எறியக் கூடிய வகையாகப் பாருங்கள். அதுவும் காது மடலின் அடிச்சதைக்கு மட்டும். குருத்தெலும்புக்கும் மூக்குக்கும் அதைத் தொடாதீர்கள்.

தாய்மாமன் வாங்கிய தங்கக் கம்மலையே நேராகப் போடச் சொல்லுவார்கள். திருகாணியின் மரைக்குள் ஒட்டியிருக்கும் அழுக்கைத் துடைத்து எடுக்க முடியாது, கல் பதித்ததை ஆட்டோகிளேவில் போட்டால் கல் கையோடு வரலாம். ஸ்டட்டால் குத்தி, ஆறு முதல் எட்டு வாரத்தில் புண் ஆறிய பிறகு கம்மலை மாட்டச் சொல்லுங்கள். 16 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் அல்லது சட்டப்படிப் பாதுகாவலரின் எழுத்துச் சம்மதம் வேண்டும், "அத்தை நான்தான் கூட்டி வந்தேன்" என்றால் செல்லாது. பச்சை குத்துவதோ 18 வயதுக்குக் கீழ் பெற்றோர் சம்மதித்தாலும் குற்றம். ஊசிகளைப் போடக் குத்திக் கிழியாத கடினமான ஷார்ப்ஸ் டப்பா வையுங்கள். நிரம்பியதை வீட்டுக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது.

அறை வாடகை விஷயத்தில் நினைவில் வைக்க வேண்டிய எண் 4. வாடகைக்கு விட்ட அறைகளில் மொத்தம் 4 பேர் அல்லது அதற்கு மேல் தங்கக் கூடிய ஏற்பாடு இருந்தால் அது ரூமிங் ஹவுஸ். இப்போது 3 பேர்தான் இருக்கிறார்கள் என்பது பதிலாகாது. எத்தனை பேர் தங்கலாம் என்பதே கேள்வி. முழு வீட்டையும் நாலு மாணவர்கள் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் எடுத்தால் அது வேறு. ரூமிங் ஹவுஸ் என்றால் கவுன்சில் பதிவோடு, 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி நடத்துபவருக்குத் தனி உரிமமும் வேண்டும். கேஸ் இணைப்பை 2 ஆண்டுக்கு ஒரு முறையும் மின் இணைப்பை 5 ஆண்டுக்கு ஒரு முறையும் உரிமம் பெற்றவரை வைத்துச் சோதிக்க வேண்டும். 10 பேருக்கு ஒரு கழிப்பறை, ஒரு குளியல் வசதி, ஒரு பேசின். 11-ஆவது ஆள் வந்தால் எல்லாம் இரண்டு.

விளம்பரம் போடுமுன் டேப்பை எடுத்து அறையை அளந்துவிடுங்கள். 7.5 சதுர மீட்டருக்குக் கீழே இருந்தால் படுக்கையறையே அல்ல, 2.4-க்கு 3 மீட்டர் அறை இதில் விழுந்துவிடும். 31 நாளுக்கு மேல் தங்குபவர்கள் என்றால் 12 சதுர மீட்டர் வரும் வரை ஒருவர்தான், 12-இல் இருவர், அதற்கு மேல் ஒவ்வொரு 4 சதுர மீட்டருக்கும் ஒருவர். 3.2-க்கு 3.4 மீட்டர் அறை பார்வைக்குப் பெரிதாகத் தெரியும், கணக்கில் 10.88. அதில் இரண்டு கட்டில் போட்டு முகநூலில் படம் போட்டால், அதிகாரி வீட்டுக்கு வராமலே விஷயத்தைத் தெரிந்துகொள்வார்.